பள்ளியில் பிள்ளையின் மருந்து யார் கையில் இருக்க வேண்டும்?

மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. முதல் வகை நீரிழிவு என்று அண்மையில்தான் தெரிந்தது. மருத்துவமனையில் பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், வீட்டில் ஒருவழியாகப் பழகிவிட்டோம். சிக்கல் பள்ளியில். இன்சுலின் பேனா, சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பீரோவில் வைத்துப் பூட்டுவார்களாம். சாவி ஒருவரிடம் மட்டும். தேவைப்பட்டால் அவள் கீழே இறங்கி வந்து கேட்க வேண்டும். வகுப்போ இரண்டாம் மாடியில்.

இன்னொன்று: கையில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும். பள்ளிக்குள் கைப்பேசிக்குத் தடை.

சண்டை போடும் எண்ணம் இல்லை, அவள் அங்கேதான் படிக்க வேண்டும். எதைக் கேட்பது, எதில் இறங்கி வரலாம், எதில் இறங்கவே கூடாது?

இரவுப்பணி

பூட்டிய பீரோவுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம்.

நான் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதைத்தான் 'லோ' என்கிறோம். மூளைக்குப் போகும் எரிபொருள் குறைகிறது. கை நடுங்கும், வியர்க்கும், முகம் வெளுக்கும். சில பிள்ளைகள் திடீரென்று எரிந்து விழுவார்கள், சிலர் சத்தமில்லாமல் மேசையில் தலை சாய்த்துவிடுவார்கள். இரண்டையுமே ஒழுங்கின்மை என்று நினைத்துவிடுவது எளிது. அந்த நிலையில் இருக்கும் பிள்ளையை 'போய் ஆபீசில் வாங்கிக்கொள்' என்று தனியாகப் படியிறங்க விடுவதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. பாதி வழியில் எதற்காக வந்தோம் என்பதையே மறந்து நிற்கும்.

லோவுக்கு வைத்தியம் எளிது. வேகமாக ஏறும் சர்க்கரை 15 கிராம் (சின்னப் பிள்ளைக்கு இதைவிடக் குறைவாக உங்கள் மருத்துவர் எழுதியிருப்பார்), 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் மருந்தை ஊசியாகவோ மூக்கில் அடித்தோ கொடுக்க வேண்டும், கூடவே ஆம்புலன்ஸ்.

பள்ளியில் எல்லோர் காதிலும் போட வேண்டிய இன்னொன்று: மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் இன்சுலின் போடக் கூடாது. 'சர்க்கரை நோய், மருந்து இன்சுலின், போடு' என்று பதற்றத்தில் யாராவது முடிவெடுத்தால் உயிருக்கே ஆபத்து.

அதனால் பையை இரண்டாகப் பிரியுங்கள். குளுக்கோஸும் சர்க்கரைக் கருவியும் வகுப்பறையில், அவள் கைக்கெட்டும் இடத்தில். இன்சுலின் பேனா பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருந்தால் தப்பில்லை, அதற்குக் குறித்த நேரம் உண்டு. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான பேனாக்கள் சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய 28 நாள் தாங்கும், பள்ளியில் ஃபிரிட்ஜ் இல்லையே என்ற கவலை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

அடி வாங்கத் தயாராகத்தான் வருகிறேன். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருப்பவன். பீரோ சாவி வைத்திருக்கும் ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டுவது கொடுமைப்படுத்த அல்ல. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒருவன் ஊசியை எடுத்து இன்னொருவனைக் குத்திவிட்டால்? மாத்திரையை மிட்டாய் என்று தின்றுவிட்டால்? முதலில் வந்து நிற்கும் பெற்றோர் எங்களிடம்தான் கேட்பார்கள். ஆசிரியர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. தப்பாக ஒன்று நடந்தால் நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொன்னால் யார் விடுவார்கள்? ஒன்றும் செய்யாமல் இருந்தால் 'விதிப்படி நடந்தோம்' என்றாவது சொல்லலாம். உண்மையான நிலைமை இதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் பள்ளியைத் திட்டிப் பயனில்லை.

நீலப்பம்பு

சார், வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. கோபமாக எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஆனால் 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஆஸ்துமா பிள்ளையை வைத்துப் பாருங்கள். நீல நிற இன்ஹேலர், அதாவது சால்பியூட்டமால், சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். அந்தச் சில நிமிடங்களை ஒரு சாவி விழுங்கக் கூடாது. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) ஒரு அழுத்து, நான்கு மூச்சு; இப்படி நான்கு அழுத்து; நான்கு நிமிடம் பொறுத்துத் திரும்ப. அப்போதும் சரியாகவில்லை என்றால் ஆம்புலன்ஸ். ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது. ஊருக்கு ஊர் எண்ணிக்கை கொஞ்சம் மாறும், உங்கள் மருத்துவர் எழுதித் தந்ததே கணக்கு. நீங்கள் பயப்படும் அந்த 'இன்னொரு பையன்' ஓர் அழுத்து அடித்துப் பார்த்தால் கொஞ்சம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். பூட்டி வைத்ததால் மூச்சு நின்ற பிள்ளைக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது.

மூச்சில் வரும் விசில் சத்தம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டான் என்று நம்பிவிடாதீர்கள். காற்றே போகாத அளவுக்குக் குழாய் இறுகினாலும் சத்தம் நிற்கும். பேச முடிகிறதா என்று பாருங்கள். முழு வாக்கியம் வரவில்லை, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறான் என்றால் காத்திருக்காதீர்கள்.

ஸ்பேசர் பற்றி ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காற்றில் உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி, மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் யாரோ அக்கறையாகப் பளபளவென்று துடைத்து வைப்பார்கள், பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போகும்.

சாக்பீஸ்

ஆசிரியை. மூன்றாம் வகுப்பு.

எங்களுக்குப் பயம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பயம் சட்டத்தைப் பற்றியது மட்டும் இல்லை. ஒரு பிள்ளையின் உடம்பு என் கண் முன்னால் என்ன செய்யும் என்று தெரியாததுதான் பெரிய பயம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு படிவம் வரும். 'ஆஸ்துமா: ஆம்.' அவ்வளவுதான். ஆம் என்றால் எனக்கு என்ன தெரிகிறது?

எனக்குத் தேவை ஒரே ஒரு தாள். பிள்ளையின் படம். இந்தப் பிள்ளைக்கு, வேறு யாருக்கோ அல்ல, தொடக்கத்தில் என்ன அறிகுறி தெரியும். முதலில் என்ன செய்ய வேண்டும். எந்த நிலையில் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல். கடைசி வரிதான் முக்கியம். பெற்றோரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடலாம், தலைமையாசிரியரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று ஓடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

அப்புறம், அந்தத் தாள் கோப்பில் தூங்கக் கூடாது. நான் விடுப்பில் போகும் நாளில் என் வகுப்புக்கு வருபவருக்கு அது தெரியுமா? பேருந்து ஓட்டுநருக்கு? விளையாட்டு ஆசிரியருக்கு? மாலை ஓவிய வகுப்பு எடுப்பவருக்கு? ஏற்பாடு பிசகுவதைப் பார்த்த இடங்களில் எல்லாம், வழக்கமான ஆள் இல்லாத நாள்தான்.

மழைக்குருவி அம்மா, நீங்களே நேரில் வந்து அரைமணி நேரம் காட்டிவிட்டுப் போங்கள். ஊசி இல்லாத பயிற்சிப் பேனாக்கள் கிடைக்கும். ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நிழல்மரம்

இங்கே எல்லோரும் பெரியவர்கள் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் அந்தப் பிள்ளையாக இருந்தவன். வலிப்பு நோய்.

சின்ன வயதில் எனக்கு வந்தது விழுந்து துடிக்கும் வலிப்பு இல்லை. பத்து, இருபது விநாடி அப்படியே உறைந்து போவேன், கண் மட்டும் லேசாகச் சிமிட்டும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். அப்சன்ஸ் வகை என்பார்கள். ஒரு நாளில் பல தடவை வரலாம். சொல்வதெழுதுதலில் நடுவே மூன்று சொற்கள் இருக்காது. 'கனவு காண்கிறான்' என்று மதிப்பெண் அட்டையில் எழுதினார்கள். கனவு காண்பவன் கூப்பிட்டால் திரும்புவான். அப்சன்ஸில் இருப்பவன் தோளைத் தொட்டாலும் திரும்ப மாட்டான். ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்தால் போதும், பல பிள்ளைகளுக்கு நோய் முன்கூட்டியே பிடிபடும்.

பெரிய வலிப்பு பிறகு வந்தது. அதில் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக் கூடாததுதான் நிறைய. மணியைப் பாருங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். பிடித்து அமுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். நாக்கை விழுங்க முடியாது, கரண்டி வைத்தால் பல்தான் உடையும். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மருந்தை மருத்துவர் எழுதியிருந்தால் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் விட வேண்டும், யார் விடுவது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எந்தத் துண்டறிக்கையிலும் இருக்கும். இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், இடுப்பை மூடி ஒரு போர்வை போடுங்கள். வலிப்பில் சிறுநீர் போய்விடலாம். கண் விழிக்கும்போது முப்பது முகங்கள் சுற்றி நின்று பார்த்தது, வலிப்பைவிட அதிக நாள் கூடவே வந்தது. மாற்று உடை ஒன்று பள்ளியில் இருக்கட்டும்.

மழைக்குருவி அக்கா, வகுப்பில் யார் யாருக்குச் சொல்லலாம் என்று மகளிடம் கேட்டீர்களா? எட்டு வயதுக்கு அதற்கெல்லாம் பதில் உண்டு.

மழைக்குருவி

கேட்டேன், நிழல்மரம். 'மிஸ்ஸுக்கும் என் ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்கும் தெரிஞ்சா போதும், அசெம்பிளில சொல்லாதீங்க' என்றாள். பள்ளியோ எல்லாப் பிள்ளைகளுக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கலாம் என்று சொல்லியிருந்தது, நானும் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.

இரவுப்பணி மேடம், இரண்டு கேள்வி. கைப்பேசிக்கு என்ன வழி? அப்புறம், விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு வாங்கிவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஓடினால் சர்க்கரை இறங்கும்தானே?

இரவுப்பணி

விலக்கு வாங்காதீர்கள். ஓடட்டும், குதிக்கட்டும். இறங்கும் என்பது சரிதான், அதற்கு முன்னேற்பாடு இருக்கிறது. தொடங்கும் முன் ஒருமுறை அளவு பார்ப்பது, தேவைப்பட்டால் கொஞ்சம் மாவுச்சத்து, மைதானத்துக்கும் குளுக்கோஸ் கூடவே போவது. விளையாடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும், இரவிலும்கூட, சர்க்கரை இறங்கலாம். ஆகவே விளையாட்டு இருந்த நாட்களைப் பள்ளி உங்களுக்குச் சொன்னால் நல்லது. லோ சரியானதும் உடனே ஓட விடக் கூடாது, தேர்வும் எழுத வைக்கக் கூடாது. எண் ஏறிவிட்டாலும் யோசனை தெளியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கைப்பேசி: அது இங்கே கைப்பேசி இல்லை, மருத்துவக் கருவியின் திரை. விதியை எடுக்கச் சொல்லாதீர்கள், விலக்கு ஒன்றை எழுத்தில் கேளுங்கள். சென்சார் புளூடூத்தில்தான் பேசுகிறது, அதனால் விமான நிலையில் வைத்துப் புளூடூத்தை மட்டும் திறந்து வைத்தாலும் அளவு தெரியும். உங்கள் பேசிக்கு மட்டும் வராது. சில நிறுவனங்கள் தனியாக ரிசீவர் தருகின்றன, பார்க்கச் சின்னக் கால்குலேட்டர் மாதிரி இருக்கும். அதற்கு எந்தப் பள்ளியும் மறுப்புச் சொல்லிப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் பேசியில் எண் தெரிகிறது என்பதற்காக வகுப்பு நடக்கும்போது ஆசிரியைக்கு ஓயாமல் அழைக்காதீர்கள். எந்த எண்ணுக்கு யார் என்ன செய்வார்கள் என்பது தாளில் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை

படித்தேன். குளுக்கோஸும் இன்ஹேலரும் வகுப்பில் இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஊசிக்கு இன்னும் தயக்கம். ஆனால் பெற்றோர், மருத்துவர், பள்ளி மூவரும் கையெழுத்திட்ட தாள் இருந்தால் எனக்கும் பிடிமானம் கிடைக்கும். வாய்ப்பேச்சாக எதையும் என்னிடம் கொண்டுவராதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது சொல்லுங்களேன்.

நீலப்பம்பு

நாட்டுக்கு நாடு வேறு சார். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தில் 100ஆவது பிரிவு இதைப் பள்ளி நிர்வாகத்தின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. அதன் வழிகாட்டுதல் உங்களைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது. இன்ஹேலர் எட்டாமல் வைப்பது, உடம்பு சரியில்லாத பிள்ளையைத் தனியாக அலுவலகத்துக்கு அனுப்புவது, மருந்து கொடுக்கப் பெற்றோர் வந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, கழிப்பறைக்குப் போகத் தடுப்பது எல்லாம் ஏற்க முடியாத நடைமுறை என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். 2014 அக்டோபரிலிருந்து பள்ளிகளே அவசரத்துக்கு உபரி இன்ஹேலர் வாங்கி வைக்கலாம், 2017 அக்டோபரிலிருந்து அட்ரினலின் பேனாவும். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், 504ஆவது பிரிவு. அதன்படி பள்ளி எழுதித்தரும் ஏற்பாட்டை அங்கே பெற்றோர் '504 பிளான்' என்றே சொல்வார்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன; ஹீமோஃபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் என்ற இரத்த நோய்கள் மூன்றும் அதில் உண்டு.

தும்பை

பேனா பற்றி ஒரு வார்த்தை, என் மகனுக்கு நிலக்கடலை அலர்ஜி. கடும் ஒவ்வாமை வந்தால் முதல் மருந்து அட்ரினலின்தான், அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பது தவறு. தொடையின் வெளிப்பக்கத்தில், உடைக்கு மேலேயே குத்தலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரலாம். எழுந்து நடக்க மட்டும் விடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா, அதனால்தான் எப்போதும் இரண்டு. தெளிந்துவிட்டாலும் மருத்துவமனை, சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம்.

வெள்ளணு

என் மகன் இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருந்துகொண்டே பள்ளிக்குப் போகிறான். எங்களுக்குப் பேனாவும் இல்லை, இன்ஹேலரும் இல்லை. பள்ளியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வகுப்பில் யாருக்காவது அம்மை என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், பெயர் வேண்டாம். சின்னம்மையோ தட்டம்மையோ பட்டிருந்தால் தடுப்பு மருந்தைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் சுற்றறிக்கையில் போடுகிறோம் என்றால் அந்த வாய்ப்பு போய்விடும்.

அப்புறம், நூறு விழுக்காடு வருகைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். தயவுசெய்து. மாதம் தவறாமல் மருத்துவமனைக்குப் போகும் பிள்ளை, தன்னால் ஒருபோதும் வாங்க முடியாத பரிசுக்கு மேடையின் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறான்.

கணக்குப்பிள்ளை

வருகைப் பரிசில் உங்களோடு உடன்பட முடியவில்லை. சாக்குச் சொல்லி விடுப்பு எடுப்பவர்கள் பெருகிவிடுவார்கள். வேண்டுமானால் மருத்துவ விடுப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம்.

வெள்ளணு

சேர்க்காமல் விட்டாலே போதும் சார். அதையும் எழுத்தில் போடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: தனிப்பட்ட பிள்ளைக்கு மருந்தளவு எவ்வளவு என்று இங்கே கேட்காதீர்கள், சொல்லாதீர்கள். அப்படிக் கேட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

மழைக்குருவி

கடிதம் எழுதிவிட்டேன். இப்படித்தான் கேட்கப் போகிறேன்: குளுக்கோஸும் கருவியும் வகுப்பறையில், ஆசிரியை மேசையின் பூட்டாத இழுப்பறையில். இன்சுலின் அலுவலகத்தில் இருக்கட்டும், ஆனால் சாவி இரண்டு பேரிடம். லோ என்றால் அவளைத் தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் கேட்டவுடன் அனுமதி, சர்க்கரை ஏறினால் தாகமும் சிறுநீரும் அடக்க முடியாது. ரிசீவர். சுற்றுலாவுக்கு அவளும் போகிறாள், நான் கூட வந்தால்தான் என்ற நிபந்தனை இல்லாமல். சாக்பீஸ் மிஸ் சொன்ன தாள், படத்தோடு.

ஏதாவது விட்டுப்போயிற்றா?

சாக்பீஸ்

தீயணைப்புப் பயிற்சி! மணி அடித்ததும் எல்லோரையும் மைதானத்துக்கு ஓட்டுவோம், இழுப்பறையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். 'வகுப்பு எங்கே போகிறதோ பெட்டியும் அங்கே' என்று ஒரு வரி சேருங்கள். வருகைப் பதிவேட்டோடு சேர்த்து எடுத்துப் போகிற மாதிரி கைப்பிடி வைத்த சின்னப் பெட்டியாக வாங்குங்கள்.

இரவுப்பணி

காலாவதி நாளை யார் பார்ப்பார்கள் என்பதும் இல்லை. உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நீங்களே போய் மாற்றிவிட்டு வாருங்கள். குளுக்ககானை விட்டுவிடாதீர்கள், அது பயன்படாமலே கிடந்து தேதி தாண்டும். தாளையும் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுத வேண்டும், மருந்தளவு மாறினால் அதற்கு முன்பே.

மழைக்குருவி

இரண்டையும் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கிறோம், மகளும் வருகிறாள். என்ன பதில் வந்தாலும் இங்கே போடுகிறேன்.